எலும்பை எடுத்துவிட்டுப் போட்ட சோறு: கோத்தகிரி லாப்ரடார் குட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த ஐந்து மாத லாப்ரடார் குட்டிக்கு, வாசலில் ஒரே ஒரு படி இறங்கியதில் பின்னங்கால் தொடை எலும்பு மடங்கிப் போனது. வண்டி மோதவில்லை, யாரும் அடிக்கவில்லை, உயரத்திலிருந்து விழவும் இல்லை. எலும்பு அவ்வளவு மெலிந்திருந்தது. பட்டினி போட்டு வளர்த்த குட்டியும் அல்ல, அந்த வீட்டில் மனுசர் சாப்பிட உட்காரும் முன்பே நாய்க்குத் தட்டு வைத்துவிடுவார்கள். அந்தத் தட்டில் என்ன இருந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் இந்த மலையில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மாடு, ஆடு, நாய் எல்லாம் வரும். பெரிய ஜாதி நாய்க்குட்டிகளை ஆசையாக வாங்கி வீட்டுச் சோற்றிலேயே வளர்ப்பது இப்போது இங்கே அதிகமாகிவிட்டது, அதோடு இந்தப் பிரச்சினையும் வருகிறது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்கள் பெயரைச் சொல்லாமல், நடந்ததை முழுசாக எழுதுகிறேன். குட்டியை ஜிம்மி என்று வைத்துக்கொள்வோம்.

வந்தபோது இருந்த நிலை

ஜிம்மியைத் தேயிலைச் சாக்கில் படுக்கவைத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஐயா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் கோயம்புத்தூரில் இருக்கிறார், குட்டியை வாங்கியதும் அவர்தான். அங்கே வெயில் தாங்காது, மலையில் குளிர்ச்சியாக இருக்கும் என்று இரண்டரை மாதக் குட்டியாக மேலே கொண்டுவந்து அப்பா அம்மாவிடம் விட்டிருக்கிறார். எடை 12 கிலோ. அந்த வயது ஆண் லாப்ரடாருக்கு இது குறைவு. கண் தெளிவாக இருந்தது, காய்ச்சல் இல்லை, நான் நீட்டிய பிஸ்கட்டை ஆவலாகத் தின்றது. ஆனால் அதை வாங்க எழுந்து வரவில்லை, கழுத்தை மட்டும் நீட்டியது.

நிற்கவைத்துப் பார்த்தேன். முன்னங்கால் மணிக்கட்டு தரையை நோக்கி இறங்கியிருந்தது, விரல்கள் விரிந்து பாதம் தட்டையாகிவிட்டது. இரண்டு மூன்று எட்டு வைக்கும், உடனே உட்கார்ந்துவிடும். விலாவில் கை வைத்து லேசாக அழுத்தினாலே முனகியது. இடது பின்னங்காலை ஊன்றவே இல்லை. ஒரு மாதமாகத் தூக்கினால் கத்துகிறது, மலம் போக ரொம்ப முக்குகிறது என்று அம்மா சொன்னார். அந்தக் கடைசித் தகவலைக் குறித்துக்கொண்டேன், அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

இதற்கு முன் வேறு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கு மருந்து, கூடவே கால்சியம் சிரப். உண்ணிக் காய்ச்சலிலும் நாய் நொண்டும், ஆகவே அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்த நோயில் எலும்பு மடங்காது.

எக்ஸ்ரே எடுக்க ஜீப் பிடித்து மலையிறங்கிப் போய் வந்தார்கள். படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நல்ல எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று வெள்ளையாகவும் சுற்றியுள்ள தசை சாம்பல் நிறமாகவும் தெரியும். இதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. தொடை எலும்பின் வெளிச்சுவர் பென்சில் கோடு மாதிரி மெலிந்து, நடுவில் ஒரு மடிப்பு. முழுசாக உடையாமல் பச்சைக் குச்சியைப் போல வளைந்து மடியும் இந்த வகை முறிவு, எலும்பில் சுண்ணாம்புச் சத்து தீர்ந்துபோன குட்டிகளிடம் வருவது. இடுப்பெலும்பும் உள்பக்கம் வளைந்து, மலம் வெளியேறும் பாதையைக் குறுக்கியிருந்தது. எலும்பு வளரும் முனைகளின் இடைவெளி மட்டும் சரியான அகலத்தில் இருந்தது. அது அகன்றிருந்தால் ரிக்கெட்ஸ், அதாவது வைட்டமின் டி குறைவு என்று முதலில் நினைத்திருப்பேன். அகலவில்லை, ஆகவே கால்சியம் பாஸ்பரஸ் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது.

இரத்தப் பரிசோதனையில் கால்சியம் இயல்பான அளவிலேயே இருந்தது. “இரத்தத்துல கால்சியம் நார்மல்னு போட்டிருக்கே டாக்டரம்மா, அப்புறம் எப்படிக் குறையும்?” என்று ஐயா கேட்டார். நல்ல கேள்வி. நிறையப் பேர் தடுமாறுவதும் இங்கேதான். இதயம் துடிக்கவும் தசை அசையவும் நரம்பு வேலை செய்யவும் இரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும். பெட்டியில் இருக்கும் நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்து மளிகைக் கடன் இல்லாமல் குடும்பம் நடத்துகிற வீடு மாதிரி: கடைக்காரர் கணக்கைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். ஆகவே இரத்தப் பரிசோதனை இயல்பு என்பதை வைத்து, சாப்பாடு சரி என்று முடிவு கட்ட முடியாது.

தட்டில் என்ன இருந்தது

“என்ன சாப்பாடு போடுறீங்க?” என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: “எல்லாம் நல்லாத்தான் போடுறோம்.” அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. நேற்று விடிந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை, யார் கையால் என்ன கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். இந்த வீட்டிலும் அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் பால் டீயில் வர்க்கி நனைத்துக் கொடுப்பது ஐயா. மத்தியானமும் ராத்திரியும் சோறும் கோழி ஈரலும் பிசைந்து வைப்பது அம்மா. ஈரல் கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும், நாய்க்கு நல்ல சத்து என்று கடைக்காரரே எடுத்துவைத்துத் தருவாராம். என்றைக்காவது கறி எடுத்தால் கறியும் உண்டு. மகன் வாங்கிக் கொடுத்த குட்டி தீவனம் ஒரு பை இருந்தது, தீர்ந்ததும் விலையைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

“எலும்பு?” என்றேன்.

“ஒரு துண்டு கூட இல்லை டாக்டரம்மா. வேகவெச்ச எலும்பு குடலைக் குத்திரும்னு மகன் சொல்லிட்டான். நானே உக்காந்து எடுத்துருவேன்” என்று ஐயா எதிரே இருந்த மேசையில் விரலை ஓட்டிக் காட்டினார். தட்டில் சோற்றைப் பரப்பி, பருக்கை பருக்கையாகத் தடவிப் பார்த்து, முள் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் பொறுக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் ஜிம்மி முன்னால் வைப்பாராம்.

மகன் சொன்னது சரியான அறிவுரை. வெந்த எலும்பு கூராக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும், சிக்கும். ஆனால் எலும்பை எடுத்துவிட்டால், எலும்பு கொடுத்துக்கொண்டிருந்த கால்சியத்தை வேறு எங்கிருந்தாவது கொடுத்தாக வேண்டும், அந்தப் பாதியை அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. காட்டில் ஓநாயோ செந்நாயோ இரையைத் தின்றால் தசையோடு எலும்பும் சேர்ந்து உள்ளே போகும். நாம் கறிக்கடையில் வாங்கிக் கொடுப்பது தசையும் ஈரலும் மட்டும்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம்

அவர்கள் சொன்ன அளவைப் பாத்திரத்தில் எடுத்துக் காட்டச் சொல்லி எடைபோட்டேன். ஒரு நாளைக்குச் சுமார் 450 கிராம் சோறு, 150 கிராம் ஈரல், டீயில் 100 மில்லி பால், இரண்டு வர்க்கி. கலோரியாகப் பார்த்தால் ஏறத்தாழ 950க்கு மேல் வருகிறது. 12 கிலோ குட்டிக்கு எவ்வளவு வேண்டும்? எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவைப்படும் கலோரி கிடைக்கும், அது 450. நாலு மாதம் தாண்டிய வளரும் குட்டிக்கு அதில் இரண்டு மடங்கு, அதாவது 900. ஆக வயிறு நிறைந்துதான் இருந்திருக்கிறது, குட்டி பசி என்று அழவில்லை, வீட்டாருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

இப்போது கால்சியம். வளரும் குட்டிக்கு 1000 கலோரிக்கு 3 கிராம் கால்சியம் வேண்டும், ஜிம்மிக்கு நாளொன்றுக்கு சுமார் 2.7 கிராம். சோற்றில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் சொச்சம்தான் இருக்கிறது. ஈரலில் அதைவிடக் குறைவு. இருப்பதிலேயே அதிகம் கொடுத்தது அந்த டீயில் இருந்த பால், அதுவும் 120 மில்லிகிராம். எல்லாம் கூட்டினால் 200 மில்லிகிராமை ஒட்டித்தான் வருகிறது, தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாஸ்பரஸோ, ஈரலில் மட்டுமே 440 மில்லிகிராம் போல, மொத்தம் 700க்கு மேல். குட்டிக்கு ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை கால்சியம் இருக்க வேண்டும். இங்கே தலைகீழாக, ஒரு பங்கு கால்சியத்துக்கு கிட்டத்தட்ட நாலு பங்கு பாஸ்பரஸ். வெறும் கறி மட்டும் கொடுத்திருந்தால் இன்னும் மோசம், எலும்பில்லாத தசையில் அது 1க்கு 20 வரை போகும். பாஸ்பரஸ் கூடி கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி ஓயாமல் வேலை செய்யும், எலும்பு கரையும். நோயின் பெயர் உணவுக் குறையால் வரும் பாராதைராய்டு மிகைச்சுரப்பு. பெயர் நீளம், ஆனால் வருவது சோற்றுத் தட்டிலிருந்து.

“அப்ப பால் கூட்டிக் கொடுக்கலாமா? கேப்பைக் கூழ்?” என்று அம்மா கேட்டார். மலையில் எல்லாரும் கேட்பது இதைத்தான், அதனால் அவர் கண்முன்னாலேயே கணக்குப் போட்டேன். பாலில் மட்டும் 2.7 கிராம் எடுக்க வேண்டுமானால் தினமும் இரண்டே கால் லிட்டர் குடிக்க வேண்டும், குட்டிக்குப் பேதிதான் ஆகும். கேழ்வரகில் 100 கிராம் மாவுக்கு சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, தானியத்தில் அதுதான் உயர்வு. ஆனாலும் முக்கால் கிலோ மாவு தின்ன வேண்டும், அது குட்டிக்குத் தேவையான கலோரியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல், அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். கேழ்வரகு நல்ல சாப்பாடு, சந்தேகமே இல்லை. இந்தக் குழியை நிரப்ப அதால் முடியாது.

முட்டை ஓட்டுப் பொடி? நிறையப் பேர் செய்கிறார்கள். ஒரு டீஸ்பூன் நைசான பொடியில் 2 கிராமை ஒட்டி கால்சியம் இருக்கிறது, மலிவு, நல்ல மூலம். ஆனால் இந்தச் சோற்றின் மேல் அதைத் தூவினால் போதாது. ஏனென்றால் தட்டில் பாஸ்பரஸும் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது (குட்டிக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டும்), முட்டை ஓட்டில் பாஸ்பரஸ் கிடையாது. இப்போது தட்டு மறுபக்கம் சாயும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, இ எல்லாமும் குறைவு. ஒரு ஓட்டையை அடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வைப்பதுதான் முட்டை ஓட்டின் ஆபத்து. மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் தாது உப்புக் கலவையில் ஒரு கரண்டி போடலாமா என்று மகன் போனில் கேட்டார். வேண்டவே வேண்டாம், அது மாட்டின் உடம்புக்குக் கணக்குப் போட்டுக் கலந்தது.

வெயில் இல்லாததால் வந்ததா?

கோத்தகிரியில் மழைக்காலத்தில் நாள்கணக்கில் மூடுபனி விலகாது. ஆகவே எலும்பு பலவீனம் என்றதும் ஊரில் எல்லாரும் சொன்னது, “வெயில் படல, அதான்.” வெயில் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் ஜிம்மியைச் சாக்கோடு தூக்கி வாசலில் போட்டிருக்கிறார்கள். மனிதர்களுக்கு அது சரியான வைத்தியம், நம் தோல் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கும். நாயின் தோலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. அதற்கு வேண்டிய மூலப்பொருள் நாய்த் தோலில் மிகக் குறைவு. 1994இல் நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் ஆய்வாளர்கள் இதை நாயிலும் பூனையிலும் சோதித்துக் காட்டினார்கள். நாய்க்கு வைட்டமின் டி சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும், கோத்தகிரி ஆனாலும் ராஜபாளையம் ஆனாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மனிதர்களின் ரிக்கெட்ஸ் நோய்க்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நிரூபிக்க உதவியதே நாய்க்குட்டிகள்தான். முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி குட்டிகளை உள்ளேயே வைத்து ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி என்று தானியமாகவே கொடுத்து வளர்த்தார். எலும்பு வளைந்தது. மீன் எண்ணெய் கொடுத்ததும் தேறின. அதே காலத்தில், 1918இல், நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் உணவுக் குறை நோய்களை ஆராயத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் அவர். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று கலந்த பஞ்சாப் உணவில் எலிகள் நன்றாக வளர்ந்தன, அரிசியே பெரும்பாலாக இருந்த தென்னிந்திய உணவில் பின்தங்கின. அந்த ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு என்று நூறு வருசத்துக்கு முன்பே நம் மலையில் எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். அதே மலையில் இன்னமும் குட்டிகளுக்குச் சோறும் ஈரலும் மட்டும் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி, “லைன்ல திரியிற நாட்டு நாயும் இதே சோத்தைத்தானே திங்குது, அதுக்கு ஒண்ணும் ஆகலையே?” இதுவும் நியாயமான கேள்வி. நாட்டு நாய் உருவத்தில் சிறியது, மெதுவாக வளரும், அன்றாடத் தேவை குறைவு. அது ஒரு வீட்டுத் தட்டை நம்பியும் இல்லை, கறிக்கடை ஓரத்தில் பச்சை எலும்பைக் கடிக்கும், எலியைப் பிடிக்கும், குப்பையைக் கிளறும். லாப்ரடார், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகள் சில மாதத்தில் இருபது முப்பது கிலோ எலும்பும் தசையும் கட்டியாக வேண்டும், அதுவும் கட்டிப்போட்ட இடத்தில், நாம் வைப்பதை மட்டும் தின்று. ராத்திரி சிறுத்தை வரும் என்று உள்ளே கட்டிவைப்பதும் இங்கே தவிர்க்க முடியாதது.

சிகிச்சை

கால்சியம் ஊசி போடச் சொல்லி மகன் கேட்டார், நான் போடவில்லை. இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே சரியாக இருக்கும் நாய்க்கு நரம்பில் ஏற்றினால் இதயத்துக்கு ஆபத்து, எலும்புக்கும் அதனால் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது. மீன் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம் என்றேன், ஈரலிலேயே வைட்டமின் ஏ நிறையப் போயிருந்தது, அது கூடினாலும் எலும்பைக் கெடுக்கும். அறுவை சிகிச்சையும் செய்யவில்லை. அவ்வளவு மென்மையான எலும்பில் தகடும் திருகும் பிடிக்காது.

செய்தது இரண்டே வேலை. ஒன்று, சாப்பாட்டை அன்றைக்கே மாற்றியது. இரண்டு, குட்டியை ஓடாமல் குதிக்காமல் அடைத்து வைத்தது. வலிக்கு எடைக்கேற்ற மருந்து கொஞ்ச நாள், மலம் இளக ஒரு சிரப். (வலி என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ நாய்க்குக் கொடுக்காதீர்கள், அதனால் செத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.)

சாப்பாட்டுக்கு நான் சொன்னது, பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான முழுமையான உலர் தீவனம். பையின் பின்பக்கம் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்றும், வளரும் பருவத்துக்கு என்றும் போட்டிருக்க வேண்டும். ‘காம்ப்ளிமென்டரி’ என்று போட்டிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும், அதையே சாப்பாடாகக் கொடுக்கக் கூடாது, கிரேவி பாக்கெட்டுகளில் பல அப்படித்தான். கால்சியம் அளவையும் பார்க்கச் சொன்னேன். குட்டி தீவனத்தில் உலர் எடையில் 1.2 சதவீதமாவது வேண்டும், பெரிய ஜாதிக்கு 1.8ஐத் தாண்டக் கூடாது. அதிகமானாலும் ஆபத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன், கால்சியம் கூடினால் பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு மூட்டுக் குருத்தெலும்பு கெட்டுப்போகும். ஆகவே நல்ல தீவனம் கொடுத்துக்கொண்டே மேலே கால்சியம் சிரப் ஊற்றாதீர்கள். ஜிம்மிக்கு ஒரு நாளைக்கு 240 கிராம், மூன்று வேளையாக. அதில் 890 கலோரியும் ஏறத்தாழ 2.9 கிராம் கால்சியமும் கிடைத்துவிடும், தனியாக எதுவும் வேண்டாம்.

விலைதான் அந்த வீட்டுக்குக் கஷ்டம். பென்ஷன் பணத்தில் வாழ்கிறவர்கள். மறைக்காமல் பேசினோம். ஈரலுக்கும் வர்க்கிக்கும் பாலுக்கும் மாதம் ஆன செலவை அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், அதில் பெரும்பகுதி தீவனத்துக்கே போய்விடும், மீதியை மகன் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். எஸ்டேட் கடைத் தராசில் 80 கிராம் நிறுத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, அது நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு கீறிக் கொடுத்தேன். ஒரு வேளைக்கு அந்தக் கோடு வரை. எடை கூடக் கூடக் கோட்டை உயர்த்திக்கொள்ளலாம்.

ஐயாவுக்குத் தீவனத்தில் நம்பிக்கை வரக் கொஞ்ச நாள் பிடித்தது. உலர்ந்த உருண்டையை நாய்க்குப் போட்டுவிட்டு நாம் மட்டும் சுடச்சுடச் சாப்பிடுவது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை, கையால் ஊட்டுவது அவருக்கும் நாய்க்கும் வேண்டிய விஷயம்தான். மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை வீட்டு உணவு தரலாம், அதற்குள் என்றால் தீவனத்தின் கணக்கு கெடாது. ஜிம்மிக்கு அது 90 கலோரி. ஒரு அவித்த முட்டை, இல்லாவிட்டால் இரண்டு மூன்று கேரட். இங்கே கேரட்டுக்குப் பஞ்சமில்லை, மண்ணைக் கழுவிப் பச்சையாகவே கொடுக்கலாம், நாய்கள் கடக் கடக் என்று கடித்துத் தின்னும். வர்க்கியும் டீயும் அன்றோடு நின்றன. வர்க்கியில் மைதாவும் கொழுப்பும்தான், டீயில் காஃபின்.

கூடவே இந்த மலையில் நான் எல்லாரிடமும் சொல்லுவதையும் சொன்னேன். வீட்டில் செய்யும் சாக்லேட் நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். குழம்புச் சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவை சிவப்பணுவை உடைக்கும், ஒரே நாளில் தின்ன வேண்டும் என்றில்லை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும்.

பிறகு

ஒரு வாரத்தில் தூக்கினால் கத்துவது குறைந்தது. இரண்டாவது எக்ஸ்ரேயில் எலும்புச் சுவர் வெளுக்கத் தொடங்கியிருந்தது, மடிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு கட்டியிருந்தது. குட்டிகளிடம் இது எப்போதும் என்னை நெகிழவைக்கும், சரியான பொருள் கிடைத்தால் போதும், உடம்பு தானே கட்டிக்கொள்ளும். கஷ்டமானது அடைத்து வைப்பதுதான். வலி போனதும் குதிக்கப் பார்த்தது, பழைய விறகுக் கொட்டகையில் பலகை வைத்து மறித்தார்கள். வாரம் ஒருமுறை இலை எடை போடும் தராசில் சாக்கோடு தொங்கவிட்டு எடை பார்த்து எனக்குப் போன் செய்வார் ஐயா.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. இடது தொடை லேசான வளைவோடுதான் சேர்ந்தது, வேகமாக ஓடும்போது தெரியும். இடுப்பெலும்பின் குறுகலும் முழுசாக நேராகவில்லை. மலம் இறுகினால் ஜிம்மிக்கு ஆயுசுக்கும் தொந்தரவுதான், அதனால்தான் முதல் நாளே அம்மா சொன்னதைக் குறித்துக்கொண்டேன். வேகவைத்த பூசணி கொஞ்சம் சேர்க்கிறார்கள், எலும்பு எந்த வடிவத்திலும் கிடையாது. இதுவே பெண் குட்டியாக இருந்திருந்தால் பிரசவம் ஆபத்தாகியிருக்கும், கருத்தடை கட்டாயம் என்று சொல்லியிருப்பேன்.

ஒரு வயது தாண்டியதும் வளர்ந்த நாய்க்கான தீவனத்துக்கு மாற்றினோம், அப்போது வேறு கவலை வந்தது, ஜிம்மி குண்டாகத் தொடங்கியது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு, சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு பகுதி இல்லை, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டது. ஜிம்மிக்கு அது இருக்கிறதா என்று சோதிக்கவில்லை, எப்படியானாலும் தட்டு வைப்பவர் கையில்தான் இருக்கிறது. 2002இல் வெளியான நீண்டகால ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட கால் பங்கு குறைவாகக் கொடுத்து வளர்த்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக இரண்டு வருசத்துக்குக் கொஞ்சம் குறைய அதிக நாள் வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. ஏற்கெனவே கால் வளைந்த நாய்க்கு ஒவ்வொரு கூடுதல் கிலோவும் சுமை. குளிருக்குக் கூடுதலாகப் போட வேண்டாமா என்று அம்மா கேட்டார். வெளியே திண்ணையில் படுக்கும் நாய்க்குக் கொஞ்சம் கூட்டலாம், அடுப்படியில் சாக்கு விரித்துப் படுக்கும் ஜிம்மிக்குத் தேவையில்லை. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், அதை வைத்து டம்ளர் கோட்டை ஏற்றி இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

வளர்ந்தபின் வாரத்தில் சில நாள் வீட்டுச் சமையல் வேண்டும் என்று கேட்டார்கள். சோறு, தோலில்லாத கோழிக்கறி, கேரட், பீன்ஸ், நாய்களுக்கென்று விற்கும் சத்துப் பொடி, எல்லாவற்றையும் கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்தேன், சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஈரல் வாரம் ஒருமுறை விரல் அளவு. அந்தத் தாளில் எதையாவது மாற்ற வேண்டுமானால் முதலில் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஜிம்மியோடு பிறந்த குட்டிகள் எங்கே போயின என்று மகன் மூலமாக விசாரித்தோம், ஜாதியிலேயே எலும்பு பலவீனமோ என்ற பேச்சு வீட்டில் ஓயாமல் இருந்தது. கட்டபெட்டில் வளரும் ஒன்று முதல் நாளிலிருந்தே குட்டி தீவனம்தான், எலும்பு நன்றாக இருக்கிறது, ஜிம்மியைவிடப் பெரியது. அரவேனுவில் இருக்கும் பெண் குட்டி தயிர்ச்சாதமும் எலும்பில்லாத கறியும் தின்று வளர்ந்திருந்தது. நொண்டவில்லை, ஆனால் பாதம் தட்டையாக இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்து தெரிந்தது, முறிவு எதுவும் இல்லை. அன்றைக்கே தீவனம் மாற்றினோம். இடுப்பெலும்பு குறுகும் முன் பிடித்துவிட்டதால் அதற்கு எந்தக் குறையும் தங்கவில்லை.